சசிரேகாவின் முழு வட்டங்கள்

சசிரேகாவைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும். நடந்தது முழுவதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒரகடத்தில் கார்களுக்கு முகப்பு விளக்கு செய்யும் கம்பெனி. நான் அங்கே லைன் லீடர், பெயர் பலராமன். சசிரேகா காண்ட்ராக்ட் தொழிலாளி. சேரப்பணஞ்சேரியில் ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வருவாள். ஏழு வருடமாக ஒரே மேஜை, ஒரே ஸ்க்ரூ கன், விளக்குக்கு ஆறு ஸ்க்ரூ. கை ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். யாராவது மெதுவாகச் செய்தால், "இன்னாடி, ஸ்க்ரூவுக்குத் தாலாட்டு பாடிக்கினு கீறியா?" என்பாள். லைனே சிரிக்கும்.

ஆட்களை எல்லா வேலைகளிலும் மாற்றி மாற்றிப் பழக்க வேண்டும் என்பது விதி. அதற்காக லைன் ஓரத்தில் ஒரு போர்டு உண்டு. அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே வேலைக்கு ஒரு வட்டம். பழகப் பழகக் கால் கால் பாகமாகக் கறுப்பாக்குவோம். முழுக் கறுப்பு என்றால், தானும் செய்வாள், பிறருக்கும் சொல்லிக் கொடுப்பாள் என்று அர்த்தம்.

"கேமரா மிஷின்ல ஒரு வாரம் உடுங்கண்ணா, கத்துக்கிறேன்" என்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள். முடிந்த விளக்குகளைக் கேமராவால் சோதித்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் மிஷின் அது. "அடுத்த மாசம் பாக்கலாம்மா" என்று மூன்று தடவையும் சொன்னேன். அவளை எடுத்தால் என் டார்கெட் படுத்துவிடும். சுயநலம்தான், வேறென்ன?

ஆடிட் வந்தது. முந்தின நாள் மார்க்கரை எடுத்து, பழைய ஆட்கள் எல்லோருடைய வட்டங்களையும் நானே நிரப்பினேன். எல்லா வேலையும் பழகியாயிற்று என்ற பயிற்சித் தாளில் அவர்களிடம் கையெழுத்தும் வாங்கினேன். அண்ணன்தானே கேட்கிறார் என்று சசிரேகா படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள்.

போன வருடம், ஸ்க்ரூ போட ரோபோ வரப்போகிறது என்றார்கள். புது மிஷின்களை ஓட்ட ஒன்றரை மாதப் பயிற்சி என்றும் சொன்னார்கள். போர்டில் வட்டம் காலியாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். "சசிரேகாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று மேனேஜர் ஜனார்தன் அவள் பெயரை அடித்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ரோபோ வந்ததும் அவளை நேராகக் கேமரா மிஷினில் நிறுத்தினார்கள். இரண்டாம் நாளே சிவப்பு விளக்கு எரிந்து மிஷின் நின்றது. பயத்தில் கண்டதை அழுத்தியதில், நல்லதும் பழுதானதும் ஒன்றாகக் கலந்து பெட்டிக்குள் போய்விட்டன.

விசாரணையில் ஜனார்தன் அந்தப் பயிற்சித் தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

சசிரேகா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயம்.

"ஆமா சார்" என்றாள். தெரிந்த வேலையில் அலட்சியம் என்று எழுதி அன்றோடு அவளை அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நாளைக்கே உண்மைய சொல்லிடறேம்மா" என்றேன்.

"எனக்காக சொல்லாதீங்கண்ணா. சொல்ல வேண்டிய நேரத்துல தலைய குனிஞ்சிக்கினு இருந்தீங்க. பூமாரிக்கும் முழு வட்டந்தானே போட்டு வச்சிருக்கீங்க? தெக்கத்திலேந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிக்கினு வேல பாக்குது அந்தப் பொண்ணு. அதுக்காக சொல்லுங்க."

மறுநாள் சொன்னேன். ஜனார்தன் கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு பூமாரியோடு நான்கு பேரைப் பயிற்சிக்கு அனுப்பினார். சசிரேகாவின் இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டதாம், இனி ஒன்றும் செய்ய முடியாதாம்.

எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த ஒற்றைக் காகிதத்துக்குப் பயந்துதான் அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.