பேய்க்குச் செய்த சத்தியம்

சீரியலில் ஆணுக்குப் பேய் பிடித்தால் அது ஒரு நாள் கூத்து. வீட்டோடு ஒண்டியிருக்கும் சித்தப்பா யாராவது கண்ணை உருட்டுவார், ஒரு குண்டான் சோற்றைத் தனியாளாகத் தின்பார், எல்லோரும் சிரிப்பார்கள், மறுநாள் அவருக்கே அது மறந்துபோகும். பெண்ணுக்குப் பிடித்தால் ஆறு மாசம் ஓட்டுவார்கள். அவள் தலைவிரி கோலமாய்ச் சுவரில் ஏற வேண்டும், வேப்பிலையால் அடி வாங்க வேண்டும், விளம்பரம் முடிந்து வந்து மறுபடியும் அடி வாங்க வேண்டும். நூறு வருஷம் தவமிருந்து மனுஷ உருவம் எடுத்த நாகம்கூட, கல்யாணம் ஆனதும் மாமியாருக்குக் காபி ஆற்றிக்கொண்டு நிற்கும்.

எங்கள் வீடு திருநின்றவூரில், வாடகை வீடு. அப்பா போன பிறகு அம்மாவும் நானும்தான். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அம்மா பேய் சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே இருப்பேன். "பேசாம பாருடி, இல்ல எழுந்து போ" என்பாள் அம்மா.

எழுந்து போக மாட்டேன். ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் பொறுக்கவில்லை. எந்தப் பேயை எடுத்தாலும் அது ஒரு காலத்தில் யாரோ ஓர் ஆண் கெடுத்துக் கொன்ற பெண்ணாக இருக்கும். செத்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். அப்போதும் அவள் பிடிப்பது இன்னொரு பெண்ணைத்தான். ஹீரோவுக்கு எதுவுமே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவள் அந்தரத்தில் மிதந்தாலும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவனுடைய நல்ல குணம். கடைசியில் பொண்டாட்டியைப் பொறுமையாகக் காப்பாற்றினான் என்று அவனுக்குத்தான் பேர். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று நம்ம பழமொழி சொல்கிறது. யார் பேய், யார் மரம் ஏறுகிறவள் என்று பழமொழிக்குத் தெரிந்திருக்கிறது. சீரியல்காரர்களுக்குத் தெரியவில்லை.

இவ்வளவு வாய் பேசுகிற எனக்கு ஓர் அக்கா. வாய் செத்தவள் என்று ஊரில் சொல்வார்களே, அப்படி. மேனாம்பேட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமா கம்பெனி வேன் ஓட்டுகிறார். அவர் அக்காவை அடிப்பார். காரணம் எப்போதும் ஒன்றுதான், போனில் யாரோடு பேசினாய் என்பது. என்னோடுதான் பேசியிருப்பாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று அக்கா எத்தனையோ முறை கேட்டாள். அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வாள். "அவரு குடிக்கிறவராடி? டீயே சக்கரை இல்லாம குடிக்கிறாரு. கொஞ்சம் பொறுத்துக்கோ."

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சளி, தொண்டை கட்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த மாமா போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கையை ஓங்கினார். அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக, "கைய எடு" என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான். அவள் மாமியார் கையில் இருந்த சொம்பைக் கீழே போட்டாள்.

"இது அவ கொரலே இல்ல நைனா. நீ இப்பால வா" என்று மகனை இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. அந்த வாரமே அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "எனக்கு மொதல்ல சோறு போடறாங்கடி. மீன் தலைய எனக்கே வெக்கறாங்க. பயந்துட்டாங்க" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "அப்படியே ஒரு பட்டுப்புடவையும் கேளு" என்றேன். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பேய் ஓட்டுவதற்குக் காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பூசாரியை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. ஆனால் அக்கா தெளிவாக இருந்தாள்.

"யாரு நீ, எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க இல்ல? அப்ப சொல்லப் போறேன்."

"என்ன சொல்லுவே?"

"நடந்ததத்தான்."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. பேய் ஓட்டும்போது ஒரு முறை இருக்கிறது. உள்ளே வந்திருப்பதை உட்காரவைத்து விசாரிப்பார்கள். அது பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. அது என்ன கேட்கிறதோ, சுருட்டோ கருவாட்டுக் குழம்போ புதுச்சேலையோ, கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். வாங்கிக்கொண்டு அது போய்விடும். ஒரு மருமகள் பேசுவதை முழுசாக உட்கார்ந்து கேட்கிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. பேய் பேசினால் கேட்கிற வழக்கம் இருக்கிறது.

அமாவாசை அன்று உச்சி வேளையில் வைத்திருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போனேன். பூசாரி மற்ற நாளில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவராம், விரல் நகமெல்லாம் கறுத்திருந்தது. கூடத்தில் தெருப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். மாமாவின் தம்பி வாசற்படியில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அக்கா நடுவில் உட்கார்ந்து ஆடினாள். அவளுக்கு ஆடத் தெரியவில்லை. சீரியலில் பார்த்ததை அப்படியே செய்தாள்.

"யாருமே நீ?" என்று பூசாரி உடுக்கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏரில வுழுந்தவ."

"எதுக்கு வுழுந்தே?"

"புருஷன் அடிச்சான். போன்ல யாரோட பேசினேன்னு கேட்டுக் கேட்டு அடிச்சான். கொழந்த பாத்துக்கினு இருக்கசொல்ல அடிச்சான். ரெண்டாவது கொழந்த வயித்துல இருக்கசொல்ல ஒதச்சான். அது தங்கல."

அக்காவுக்கு இரண்டாவது குழந்தை மூன்றாம் மாசத்தில் கலைந்திருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

தெருப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அம்மாவும் அழுதாள். மாமியார்கூட, "அடப்பாவி, உருப்படுவானா அவன்" என்று அந்தப் புருஷனைச் சபித்தாள். மாமா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா குடுத்தா இவள உட்டுட்டுப் போவே?" என்றார் பூசாரி.

"எனக்கு எதுவும் வோணாம். இவள இவ அம்மா ஊட்டுக்கு அனுப்பிடு. கொழந்தையோட. இவன் பின்னாடி வரக்கூடாது."

மாமியார் மகனைத் தள்ளினாள். மாமா கற்பூரத்தை அடித்து, "அனுப்பிடறேன், பின்னாடி போவ மாட்டேன்" என்று அத்தனை பேர் முன்னால் சத்தியம் செய்தார். பூசாரி அக்காவின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து எலுமிச்சம்பழத்தோடு துணியில் முடிந்தார். திருநீற்றை அள்ளி அவள் முகத்தில் வீசினார்.

"இப்ப யாருமே நீ?"

அக்கா ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள்.

தெருப் பெண்கள் கிளம்பியதும் அக்கா உள்ளே போய்ப் பையை எடுத்துக் குழந்தையின் கவுன்களை அடுக்க ஆரம்பித்தாள். மாமியார் வந்து நின்றாள்.

"எங்கமே கெளம்பிட்டே?"

"அம்மா வீட்டுக்கு. சத்தியம் பண்ணாரே."

"அது அவளுக்குப் பண்ணது. அவதான் போயிட்டாளே. உனக்கு இன்னா இப்ப? நல்லாத்தானே கீறே? போயி அடுப்ப பத்தவை, பூசாரிக்கு டீ போடணும்."

நான் பூசாரியிடம் ஓடினேன். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் என்றேன். அவர் தட்சிணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "போனதுக்குக் குடுத்த வாக்கு போனதோட போச்சு கண்ணு. இனிமே இது குடும்ப விஷயம்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். இன்னும் நான் கத்தியிருப்பேன். ஆனால் அதற்குள் மாமியார், "சின்னதுக்கும் இன்னாவோ மாதிரி கீதே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

ரயிலில் திருநின்றவூர் வரும் வரைக்கும் அம்மா அழுதுகொண்டே வந்தாள். அக்காவுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். ஆவடி தாண்டியதும் சொன்னாள். "யாரு பெத்த பொண்ணோ. அந்த ஏரியில வுழறதுக்கு முன்னாடி என்னென்ன பட்டிருப்பா பாரு."

"அம்மா, அது அக்காதாம்மா. அக்கா தனக்கு நடந்ததச் சொன்னா."

"உடம்பு அவளுது. பேசினது அது" என்றாள் அம்மா, எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல. பெட்டியில் இருந்த யாரையாவது அறைய வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது. அம்மா பொல்லாதவள் இல்லை. ஏரியில் விழுந்த, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணுக்காக அவ்வளவு அழுதாளே. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவிடச் சொல்லி நிற்கிற பெண்ணுக்காக அழத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அக்கா எதைச் சொன்னாலும் அது அவள் சொன்னதாக ஆகவில்லை. வலிக்கிறது என்றால் பேய் திரும்பி வந்துவிட்டது என்பார்கள். சாப்பாடு வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட்டது. மாமா பயம் தெளிந்து பழையபடி அடிக்க ஆரம்பித்தார். பயந்திருந்த நாட்களுக்கும் சேர்த்து அடித்தார்.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போகாமல் மேனாம்பேட்டுக்குப் போய், காய் வாங்கப் போவதாக மாமியாரிடம் அக்காவைச் சொல்ல வைத்து, அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனேன். பெண் இன்ஸ்பெக்டர். நல்லவராகத்தான் தெரிந்தார். டீ வரவழைத்தார், அக்காவின் கையில் இருந்த காயத்தைப் பக்கத்தில் வந்து பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டு வரச்சொன்னார்.

மாமா தம்பியோடு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்பி போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு மேஜைமேல் வைத்தான். உடுக்கைச் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. இன்ஸ்பெக்டர் கடைசி வரைக்கும் பார்த்தார்.

"இது நீதானே?"

"நான்தான் மேடம்."

"இதுல நீ ஏரியில விழுந்தவன்னு சொல்றே."

"அது... சும்மா சொன்னேன் மேடம். அப்பதான் கேப்பாங்கன்னு."

"அப்ப சும்மா சொன்னே. இப்ப சொல்றது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நடித்தாள் என்றால் பொய்க்காரி. நடிக்கவில்லை என்றால் பேய் பிடித்தவள். மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறாள், அவள்தான் அடி வாங்கினவள் என்று எப்படிச் சொல்வது என்று இவ்வளவு வாய் பேசுகிற எனக்குத் தெரியவில்லை.

அப்போது மாமா அழுதார். நிஜமாகவே கண்ணீர் விட்டார். "அது வரசொல்ல அவளே அடிச்சிக்கிறா மேடம். வேற எவனா இருந்தாலும் உட்டுட்டுப் போயிருப்பான். நான் போவல."

இன்ஸ்பெக்டரின் முகம் மாறுவதைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவின் முகம் டிவி வெளிச்சத்தில் அப்படித்தான் இளகும், பொண்டாட்டியைக் கைவிடாத ஹீரோவைப் பார்த்து. "நல்ல டாக்டரா காட்டுங்க. தனியா விடாதீங்க" என்று மாமாவிடம் சொன்னார். என்னிடம், "இப்படி ஒரு புருஷன் கிடைக்கிறது கஷ்டம்மா, உங்க அக்காவுக்கு எடுத்துச் சொல்லு" என்றார். அக்கா மாமாவின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். ஹெல்மெட்டை அவரே அவளுக்கு மாட்டிவிட்டார், வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார்.

நான் நேராக வீட்டுக்கு வந்து அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த காயம், கலைந்த குழந்தை, ஸ்டேஷன் வாசலில் பைக்கில் ஏறுவதற்கு முன்னால், "அம்மாகிட்ட இன்னொரு தரம் கேட்டுப் பாருடி, ஒரு மூலையில கெடந்துக்கறேன்" என்று அக்கா சொன்னது, எல்லாம். டிவியை நிறுத்திவிட்டுத்தான் சொன்னேன். அம்மா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நெடுநேரம் அழுதாள். அந்த அழுகையைப் பார்த்து, நாளைக்கே போய் அழைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பின்பக்க அறையைக் காலி பண்ண வேண்டும் என்றுகூட மனசுக்குள் ஓடியது.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்டுவிடாதபடி மெதுவாகக் கேட்டாள்:

"இதெல்லாம் சொல்லும்போது, அவ கொரல்லதான் சொன்னாளா?"