சூளைக்குத் தப்பிய பை

எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைக்கிறார்கள். ஃபைபர் கிளாஸ் தொட்டி. குழாய்க்கு ஓட்டை போட ஒருவன் அதை ரம்பத்தால் அறுக்க, செம்பூரின் பிற்பகல் காற்று அந்தப் பொடியை நேரே என் பால்கனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. முன்னங்கை அரிக்கத் தொடங்கியது. மற்றவர்களுக்கு மல்லிகை வாசனையில் இளமை திரும்புமாம். எனக்குச் சொறிந்தால்தான் திரும்புகிறது. என்ன செய்ய.

அறுபதுகளின் நடுவில் மாட்டுங்காவில் சேஷாத்ரி என்பவரிடம் வேலைக்கு இருந்தேன். அவர் வீட்டு முன்னறைதான் கம்பெனி. பின்னறையில் சமையல் என்பதால் எங்கள் வியாபாரக் கடிதங்கள் எல்லாவற்றிலும் லேசாகப் பெருங்காயம் மணக்கும். ஆலைப் புகையிலிருந்து தூசியைப் பிடிக்கிற பைகள் எங்கள் சரக்கு. தலையணை உறை அகலம், மூன்று ஆள் நீளம். புகை துணி வழியாக வெளியேறும், தூசி உள்ளேயே தங்கிவிடும். ஃபில்டர் கம்பெனி என்று ஊருக்கு எழுதினேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காப்பி ஃபில்டர் கேட்டுப் பதில் போட்டார்கள்.

மாவு மில்லுக்குப் பருத்திப் பை போதும். ஆனால் இந்த முறை வந்தது சிமென்ட் சூளை. அதன் புகை, வடை பொரிகிற எண்ணெயைவிடச் சூடு. ஆலையின் பஞ்சாபி இன்ஜினியர், எந்தத் துணி தாங்கும் என்று நீங்களே தேர்ந்து காட்டுங்கள் என்றுவிட்டார். பை தேறினால் ஆர்டர். ஆர்டர் வந்தால் என் வேலை நிரந்தரம். வராவிட்டால் தாதரில் மெட்ராஸ் ரயில்.

மூன்று துணிகள் இருந்தன: பருத்தி, கம்பளி, சீமையிலிருந்து வந்த ஃபைபர் கிளாஸ் எனும் கண்ணாடி நூல் துணி. கடைசியது பட்டு மாதிரி வெள்ளையாக மின்னியது. சேஷாத்ரிக்குக் கம்பளி பக்கம் சாய்வு. காரணம் விஞ்ஞானம் அல்ல, ஆசாரம்.

"கம்பளிக்கு விழுப்பே கிடையாதுடா. ஆயிரம் பேர் தொட்டாலும் மடி. அதைவிட ஒசந்த துணி உண்டா?"

"சூளைக்கு மடி, விழுப்பு தெரியுமா சார்?"

"ஏன், அக்னிக்குத் தெரியாதா?"

பைகளைத் தைப்பவர் செல்லையா அண்ணாச்சி. தாராவியில் மூன்று தையல் மிஷின் வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். மூன்று துணியிலும் மாதிரிக்கு ஒரு குட்டைப் பை தைத்துக் கொடுத்தவர், மறுநாள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை சொறிந்துகொண்டே வந்தார்.

"இது துணியா, பூனைக்காலியா? எம் பொண்டாட்டி பக்கத்துல வரமாட்டேங்கா தம்பி!"

"பாத்தியா, தோஷமுள்ள துணி" என்றார் சேஷாத்ரி.

தாராவி குயவர்களின் சூளை ஒன்றில், புகை கிளம்பும் இடத்தில், மூன்றையும் இரும்புக் கம்பியில் தொங்கவிட்டோம். பருத்தி அப்பளமாகச் சுருண்டு காணாமல் போயிற்று. கம்பளி, முடி பொசுங்கும் நாற்றத்தைத் தெரு முழுக்கப் பரப்பிவிட்டு உதிர்ந்தது. ஒரு பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரை எரிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். கண்ணாடிப் பை மட்டும் முகத்தில் கரியோடு, ஒன்றும் நடக்காததுபோல் தொங்கியது. சேஷாத்ரி அதை இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தார். பிறகு அதற்குப் பட்டின் அந்தஸ்தை வழங்கினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாள் இன்ஜினியர் வருகிறார். எதையெதையோ எரித்த புகை பட்ட பை அப்படியே வாசல் தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"நனைச்சுடுடா."

நனைத்தோம். நனைத்தால் போதுமா? செல்லையா துவைகல்லில் நாலு சாத்து சாத்தினார். ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். காய்ந்ததும் இஸ்திரி போட்டு, வேட்டி மாதிரி எட்டாக மடித்து வைத்தேன். அதே வாளியில்தான் பிறகு சேஷாத்ரியின் பஞ்சகச்சமும் நனைந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இன்ஜினியர் வந்தார். பஞ்சகச்சத்தோடு சேஷாத்ரி கைகூப்பினார். கூப்பிய கை அப்படியே இடுப்புக்கு இறங்கியது. முதலில் மரியாதையாகச் சொறிந்தார். பிறகு மரியாதை இல்லாமல். "வெரி ஹை டெம்பரேச்சர் சார்" என்றார் நெளிந்தபடி.

இன்ஜினியர் பையைப் பிரித்து, கொண்டுவந்திருந்த சிமென்ட்டை உள்ளே கொட்டி, வாயைப் பிடித்து ஓர் உதறு உதறினார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நூல் முறிந்து பை சல்லடையாகியிருந்தது. தூசி அடங்கியபோது செல்லையாவையும் சேர்த்து அறையில் நாலு வெள்ளைக்காரர்கள். காப்பி எத்தனை என்று கேட்கப் பின்னறையிலிருந்து வந்த சேஷாத்ரி வீட்டு மாமி, எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்காமலே திரும்பினாள்.

மெட்ராஸ் ரயில் என் காதில் கூவியது. இன்ஜினியர் மீசையைத் தட்டிக்கொண்டார்.

"பட்டீ ஸே பச் கயா, சேஷாத்ரி சாப். ஆப் ஸே நஹீ பச்சா."

சூளைக்குத் தப்பியது உங்களுக்குத் தப்பவில்லை என்றார். சிரித்துச் சிரித்து அவருக்கும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. சொறிந்துகொண்டே கண்ணாடித் துணிக்கு ஆர்டர் கொடுத்தார். நிபந்தனை: துவைக்கக் கூடாது, மடிக்கக் கூடாது.

மடிக்காமல் எப்படிக் கொண்டுபோவது? முதல் பைகளை மூங்கில்மேல் நீட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கயிற்றால் கட்டினோம். செல்லையாவின் தம்பியையும் சேர்த்து நாலு பேர் தோளில் ஏற்றி, தாராவியிலிருந்து வடாலா கூட்ஸ் யார்டுக்கு நடந்தோம். முன்னால் தோள் கொடுத்தவர் சேஷாத்ரி, சட்டை போடாமல். அவருக்கு அரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அப்புறம் நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. சயானில் ஒரு டாக்ஸிக்காரன் வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கும்பிட்டான். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். முன்பின் தெரியாத ஒரு தமிழர் செல்லையாவை விலக்கித் தானே தோள் கொடுத்து, யார்டு வாசல் வரை கண் கலங்க வந்தார்.

"பாவம், என்ன வயசுங்க?"

"இனிமேதான் அண்ணாச்சி வேலைக்கே சேரணும்" என்றார் செல்லையா.

அதற்கு அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

என் வேலை நிரந்தரமாயிற்று. இப்போது மடித்தாலும் முறியாத பைகள் வந்துவிட்டன. அட்டைப் பெட்டியில் போகின்றன. சேஷாத்ரியும் செல்லையாவும் இல்லை. முன்னறை இருந்த இடத்தில் ஒரு லிஃப்ட் ஏறி இறங்குகிறது, பெருங்காய வாசனை கிடையாது. போன வாரம் சயான் சிக்னலில் நிஜமாகவே ஒரு பாடை போயிற்று. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹார்ன் அடித்தன. நான் பஸ்ஸுக்குள் எழுந்து நின்றேன்.

இறங்கப்போகிறேன் என்று நினைத்துக் கண்டக்டர் மணி அடித்தார்.