பட்டனுக்குக் கொடுத்த மருந்து

கன்றின் விலாவில் காதை வைத்துக் கேட்டு, எந்தப் பக்கத்து நுரையீரல் கெட்டிருக்கிறது என்று ராஸ் ட்ரெலோர் சொல்லிவிடுவார். கோப்டன் ஊரைச் சுற்றியுள்ள பால் பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மூச்சுத் திணறும் கன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போனவர்களில் நானும் ஒருவன். நாற்பத்தோரு வருடம் மாடு கறந்தவர். பாதி வைத்தியத்தை அப்பாவிடமும் மீதியை மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்துக்களிலும் கற்றவர். மருத்துவரை அழைப்பது அவருக்குத் தோற்றுப்போவது மாதிரி.

அவர் மனைவி கிளெனிஸ் ஒரு மாட்டுக்கும் பெயர் வைத்ததில்லை. என்றைக்காவது கசாப்புக்கு லாரியில் ஏறப்போவதற்குப் பெயர் எதற்கு என்பார். கை மூட்டுகள் வீங்கிக் கறவையை விட்ட பிறகு, ஏப்ரலில் ஒரு கினிப்பன்றிக் குட்டியை வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும் பழுப்புக் குட்டி. அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தார். ஃப்ரிட்ஜ் கதவு திறந்தால் போதும், குடைமிளகாய்க்காக விசில் அடிக்கும்.

"இந்த வீட்டுல என்னைத் தேடிக் கத்துற ஒரே ஜீவன் இதுதான்" என்றார் என்னிடம், கணவர் காதில் விழும்படி.

"நானும் கத்துறேன். உனக்குத்தான் காது கேக்கல" என்றார் ராஸ்.

ஜூலைக் குளிரில் கன்றுகள் சளி பிடித்து விழத் தொடங்கின. மாலைக் கறவைக்கு நான் அவருக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரமாக விடாத மழை. தென்மேற்குக் காற்று கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்தது. ஒரு திங்கட்கிழமை பட்டன் குடைமிளகாயைத் தொடவில்லை. மயிர் சிலிர்த்து மூலையில் உட்கார்ந்திருந்தது. மூக்கோரம் பொருக்குக் கட்டியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம்.

கிளெனிஸ் மருத்துவரிடம் கொண்டுபோகலாமா என்று கேட்டார். ராஸ் குட்டியைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு பக்கமும் சளி என்றார். கன்றுக்கு வருவதுதான், இது கொஞ்சம் சின்னக் கன்று, அவ்வளவே. கிளெனிஸ் மறுபடியும் கேட்டதற்கு, இந்த வாரம் மட்டும் ஆறு கன்றை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன் என்றார்.

கறவைக்கூடத்து ஃப்ரிட்ஜில் மாடுகளுக்கான பென்சிலின் இருந்தது. குட்டியை அடுப்படித் தராசில் நிறுத்து, மாட்டின் எடைக்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு என்று காகிதத்தில் வகுத்தார். சந்தேகப்பட்டு இன்னொரு தடவை வகுத்தார். அவ்வளவு கவனம். ஊசியைக் கழற்றிவிட்டுச் சிரிஞ்சால் ஒரு சொட்டை வாயில் விட்டார்.

புதன்கிழமை சொடுக்குச் சத்தம் குறைந்தது. மூக்கு காய்ந்தது. அன்று மாலை கறவையில் ராஸ் சீழ்க்கை அடித்துக்கொண்டே மடி கழுவினார். டாக்டரிடம் போயிருந்தால் கேம்பர்டவுனுக்கும் இங்குமாக அலைந்திருப்போம் என்றார். நானும் ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை கழிச்சல் கண்டது. வெள்ளிக்கிழமை காலை குட்டி சாய்ந்து படுத்திருந்தது, காதுகள் சில்லிட்டிருந்தன. மூச்சு மட்டும் சீராக இருந்தது. அதுதான் ராஸுக்குப் புரியவில்லை. மதியம் கறவைக்கூடத்து ஆபீஸிலிருந்து பிரிடில் டாக்டருக்குப் போன் போட்டார். எங்கள் மாடுகளைப் பார்க்கும் பெண் அவர். கை ஈரமாக இருந்ததால் ராஸ் ஸ்பீக்கரில் வைத்திருந்தார், எனக்கும் கேட்டது.

நடந்ததை எல்லாம் சொன்னார். அளவையும் சொன்னார்.

"அளவு பிரச்சனையில்ல ராஸ். மருந்துதான் பிரச்சனை. கினிப்பன்றிக்குப் பென்சிலின் ஆகாது. வயித்துல தீனி செரிக்கவைக்கிற கிருமியெல்லாம் செத்துப்போயிடும். சளி போயிருக்கும். குடலும் போயிருக்கும்."

"எவ்வளவு கம்மியா குடுத்தாலுமா?"

"எவ்வளவு கம்மியா குடுத்தாலும். உடனே கொண்டாங்க, பார்க்கலாம். பெருசா நம்பிக்கை வெக்காதீங்க."

ராஸ் பூட்ஸைக் கழற்றாமலே வீட்டுக்குள் போனார். இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. அடுப்படி வாசலில் நின்றே, மருந்துதான் கெடுத்தது, நான்தான் கெடுத்தேன் என்று கிளெனிஸிடம் சொன்னார்.

கிளெனிஸ் குட்டியைத் துண்டில் சுற்றி ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். "நீ வேணும்னு செய்யல, அது எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா நான் கேட்டேன் ராஸ். ரெண்டு தடவ கேட்டேன்."

கூட வருவதாக ராஸ் சொன்னார். மாடுகள் வேலியோரம் வந்து நிற்கின்றன, போய்க் கற என்று சொல்லிவிட்டு, கிளெனிஸ் அந்த வீங்கிய கையோடு தானே காரை ஓட்டிக்கொண்டு போனார்.

பாதி மாடுகள் முடிந்திருந்தபோது கார் திரும்பி வந்தது. டவுனுக்குப் போட்டுப்போன கோட்டோடு கிளெனிஸ் கறவைக்கூட வாசலில் வந்து நின்றார். இயந்திரச் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"பாதி வழியிலயே. டாக்டர் வரைக்கும் போகல."

ராஸ் கையில் வைத்திருந்த கறவைக் குழாய்கள் காற்றை உறிஞ்சிச் சீறின. எங்கே புதைக்க வேண்டும் சொல், குழி வெட்டித் தருகிறேன் என்றார். நானே வெட்டிக்கொள்கிறேன், நீ வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு கிளெனிஸ் மழையில் நடந்துபோனார்.

அடுத்த மாடு நகர்ந்து வந்து நின்றது. ராஸ் குழாய்களை மாட்டினார்.