நான் பிடுங்காத கேபிள்

நான் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது, ஓரமாக ஒதுங்கிக்கொள்வேன். இத்தனை வருடமும் மற்றவர்கள் எழுதியதை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவன், இன்று நானே எழுதி நீங்கள் படிப்பதா... பொறுத்துக்கொள்ளுங்கள். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கருப்பசாமி அண்ணனின் கால் போனதற்குக் காரணம் செல்போன் டவர் இல்லை. நான்தான்!

டவர் நன்றாகத்தான் இருந்தது. போனும் நன்றாகத்தான் இருந்தது. போனில் செருகியிருந்த கேபிளை நான் பிடுங்கவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது... பிடுங்கவில்லை.

எம். புதுப்பட்டியில் என் கடை. முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். செல்போன் வந்ததும் பூத்தில் ஈ ஓட்டினேன். லேண்ட்லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் மிஷினும் பழைய கம்ப்யூட்டரும் வாங்கிப் போட்டேன். ஆனாலும் எங்கள் தெருவுக்குப் பி.பி. நம்பர் என் செல்போன் நம்பர்தான். உங்களுக்கும் நினைவிருக்கும்... சொந்தமாகப் போன் இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரின் நம்பரைக் கொடுத்து வைப்பார்கள். அழைப்பு வந்தால் அவர் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும்.

பட்டாசு ஊர்களில் அந்த நம்பருக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்காவது பெரிய சத்தம் கேட்டால் ஊரே வாசலுக்கு வந்துவிடும். எந்தப் பக்கம், எந்தக் கம்பெனி, யாருக்கு என்ன... ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போனவர்கள் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அந்தந்தக் கம்பெனி போர்மேன் ஊருக்கு ஒரு போன் போடுவார். ‘உங்க ஊர் ஆளுக எல்லாரும் நல்லா இருக்காக.’ அவ்வளவுதான் பேச்சு! அதை வாங்கிக்கொண்டு நான் தெருவில் ஓடுவேன். வீடு வீடாகச் சொல்லுவேன். அதைக் கேட்ட பிறகுதான் பெண்கள் உள்ளே போய் அடுப்பைக் கவனிப்பார்கள். அந்த ஓட்டத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சிவகாசியில் ஒரு செல்போன் கடைக்காரர் என் காதில் அந்த அதிசயத்தைப் போட்டார்.

“அண்ணாச்சி, ஒங்க போன்லயே நெட் இருக்கு. ஒரு கேபிள வாங்கி கம்ப்யூட்டர்ல கோத்துவிடுங்க. கம்ப்யூட்டருக்கும் நெட் வந்துரும். அம்புட்டுதான்!”

அம்புட்டுதானா! எனக்கு அன்று பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை. வீட்டோடு சேர்ந்த கடைக்கு வந்து சி.டி.யைப் போட்டு, அவர் எழுதிக் கொடுத்ததை அடித்து, தப்பாகி, மறுபடி அடித்து... திடீரென்று திரையின் மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படங்கள் மினுக்மினுக்கென்று மின்னின! கம்பி இல்லை, கம்பம் இல்லை. உள்ளங்கை அளவு போன் வழியாக உலகம் என் கடைக்குள் வருகிறது!

முதலில் நான் பார்த்தது ஒட்டகச்சிவிங்கி. ஏன் அதைத் தேடினேன் என்று கேட்காதீர்கள். படம் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் கொம்பு. அப்புறம் காது. அப்புறம் கழுத்து... கழுத்து... இன்னும் கழுத்து! கால் வந்து சேர்வதற்குள் என் மனைவி உலை வைத்துச் சோறு வடித்துவிட்டாள். நான் நகரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்!

ஒரே ஒரு குறை. நெட் ஓடும்போது அந்தப் போனுக்கு அழைப்பு வராது. மல்லாங்கிணற்றுக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவி திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“எப்பப் போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்கீகன்னு ஒரு பொம்பள சொல்லுதா. எந்த எல்லைக்கு வெளிய? கடைய விட்டு நாலடி நகராத மனுசன்!”

ஆகவே எனக்குத் தெரியும். என் மனைவிக்குக்கூடக் காரணம் தெரியாது. டவர் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும்!

பிளஸ் டூ ரிசல்ட் அன்று காலையில் என் கடையில் தேர்க்கூட்டம். மற்ற வருடமென்றால் பிள்ளைகள் சிவகாசிக்குப் பஸ் ஏறுவார்கள். இந்த முறை என்னிடம் நெட் இருக்கிறதே! போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஜன்னலில் சிக்னல் பிடித்து வைத்து, உட்கார்ந்தேன். இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டேன். அறுந்தது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு அறுந்துபோகாமல் நிலைத்தது!

“மாமா, ஒங்க நெட்டு மாட்டு வண்டியில வருதா?” என்றாள் ஒருத்தி.

“மாட்ட அவுத்து விட்டாச்சு போலுக்கு” என்றாள் இன்னொருத்தி. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஒருத்தியின் மதிப்பெண் திரையில் வந்தது பாருங்கள்... அந்தக் கூச்சல்! “மாமா, எனக்கு! மாமா, எனக்குப் பாருங்க!” இத்தனை பேர் என்னைச் சுற்றி நின்று, இத்தனை ஆசையாக என்னைக் கூப்பிட்டதே இல்லை. எனக்குத் தலை கிறுகிறுத்தது. சந்தோஷம்! வெட்கமில்லாத சந்தோஷம்!

அடுத்து செல்வியின் நம்பர். கருப்பசாமி அண்ணனின் ஒரே மகள். நர்சிங் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. அவள் அம்மா பொன்னுத்தாயி அக்கா விடியுமுன்பே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தார். நம்பரை அடித்தேன். திரை வெள்ளையாக நின்றது. நீலக்கோடு மெல்ல நகர்ந்தது...

அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

கடையின் தகரம் அதிர்ந்தது. சிரிப்பு அப்படியே நின்றது. சில பிள்ளைகள் தெருவுக்கு ஓடினார்கள். மேற்கே பனைகளுக்கு மேல் புகை. அது பொன்னுத்தாயி அக்கா வேலை செய்யும் திசை.

செல்வி போனையே பார்த்தாள். “மாமா, இப்ப போன் வரும்லா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“வரும் தாயி. வந்தா அடிக்கும்.”

அடிக்காது என்று தெரிந்தே சொன்னேன்! கேபிளைப் பிடுங்கினால் போன் அடிக்கும். ஆனால் இணைப்பு போய்விடும். மறுபடி கிடைக்குமா? பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்களே... என் கடை காலியாகிவிடுமே... இன்னும் ஒரு நிமிடம், இவள் மார்க்கு வந்துவிடட்டும். இப்படித்தான் நினைத்தேன். செல்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

கருப்பசாமி அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஏலே ராசு, போன் வந்துச்சா?”

“இன்னும் வரலைண்ணே.”

இது பொய்யா? இல்லை. போன் வரவில்லைதான்! கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு யாரும் வரவில்லை என்று சொன்னேன்.

“எல்லா ஊருக்கும் வந்திருக்கும். நமக்கு மட்டும் வரலன்னா என்னலே அர்த்தம்?”

அந்த நேரம் திரையில் பக்கம் திறந்தது. பாஸ்! ஆயிரத்துக்கு மேல் மதிப்பெண்! பிள்ளைகள் கத்தினார்கள். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் திரையை ஒரு பார்வை பார்த்தார்.

“நல்லதும்மா. நான் போயி ஒங்க ஆத்தாளப் பாத்துட்டு வாரேன்” என்று சைக்கிளில் ஏறிவிட்டார்.

அப்போதாவது பிடுங்கினேனா? “மாமா, எனக்கு மட்டும் பாத்துருங்க” என்றாள் ஒருத்தி. பார்த்தேன்! அதையும் பார்த்துவிட்டுத்தான் கேபிளை எடுத்தேன்.

எடுத்த மறுநொடி போன் அடித்தது.

“அண்ணாச்சி, எம்புட்டு நேரமா அடிக்கோம்! தூங்கிட்டீகளா? ஒங்க ஊர் ஆளுக எல்லாரும் நல்லா இருக்காக. எங்கனயோ கழிவுப் பட்டாசு மருந்த எரிச்சிருக்கான், அது வெடிச்சிருச்சு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல.”

நான் ஓடினேன். வீடுகளுக்கு இல்லை, ரோட்டுக்கு. “அண்ணே! அண்ணே!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். என்னால் எவ்வளவு தூரம் ஓட முடியும்? திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் முன்னால் சைக்கிள் மடங்கிக் கிடந்தது. அண்ணன் கண்ணை விழித்துக்கொண்டுதான் கிடந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார், “போன் வந்துச்சாலே?”

“வந்துச்சுண்ணே. அக்கா நல்லா இருக்கு.”

அவர் சிரித்தார். ஐயோ... அவர் சிரித்தார்!

ஆஸ்பத்திரியில் பொன்னுத்தாயி அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “எங்க போர்மேன் விடாம அடிச்சாராமே, ஏன் தம்பி எடுக்கல?”

“டவர் இல்லக்கா.”

இரண்டே வார்த்தை. யாரும் சந்தேகப்படவில்லை. எங்கள் ஊர் டவரை நம்பாதவர்கள்தான் அதிகம். அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது அண்ணன் கட்டையை ஊன்றிக்கொண்டு என் கடைக்கு வந்து உட்காருகிறார். “என் கால முழுங்கின டவரு எப்படி நிக்கிது பாரு, திருட்டுப்பய மாதிரி” என்று டவரைக் காட்டி வைவார். வருகிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிக்கிறேன். அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்த நாட்கள் எத்தனையோ... அவர் டீயை ஆற்றிக்கொண்டே, “நீ ஒருத்தன்தாம்லே அன்னைக்கு என் பின்னால ஓடியாந்த” என்பார். வாய் மூடிக்கொள்ளும்.

உங்களிடம் சொல்லிவிட்டேன். பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. உங்களுக்கு அவரைத் தெரியாது. அவருக்கு உங்களைத் தெரியாது. இது என்ன ஒப்புதல்?

செல்வி நர்சிங் படிக்கவில்லை.

சீசன் வேலை, ஆள் வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அண்ணன் அடிபட்ட மறுநாள் காலையில் கம்பெனி வேன் வந்தது. பொன்னுத்தாயி அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் இடத்தில் செல்வி ஏறிப் போனாள்.