பேனாவுக்கு ஒரு தோல் சட்டை: செம்பூர், தாராவி, மாட்டுங்கா

மைப்பேனாப் பிரியர்கள் தாராவிக்குப் போவது பெரும்பாலும் பேனா உறை வாங்கத்தான். நாங்கள் போனது வேறு காரியமாக. சென்ற ஆண்டு வந்த பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவர் ரகுவுக்கு வலது கை பாதிதான் சரியாகியிருக்கிறது. பால்பென்னை அழுத்த விரல்களில் வலுவில்லை, எழுதுவதையே விட்டுவிட்டார். மைப்பேனாவை அழுத்தவே வேண்டாம், தாளில் வைத்தால் ஓடும் என்று சொல்லி, என்னிடம் இருப்பதிலேயே மிருதுவாக எழுதும் கெட்டி ரப்பரில் கடைந்த கறுப்பு எபொனைட் பேனாவைக் கொடுத்தேன். மெலிந்த, வழவழப்பான பேனா. இரண்டு முறை நழுவியது. பிறகு அவர் அதைத் தொடவில்லை. தோலில் ஒரு பிடி தைத்துப் போட்டால்? ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செம்பூர் வீட்டிலிருந்து கிளம்பினோம்.

ரயிலென்றால் குர்லாவில் மாற வேண்டும். அந்தப் படிகள் அவருக்கு ஆகாது. ஆட்டோவில் சயான் வரை ஆறு கிலோமீட்டர், நூற்றுப்பத்து ரூபாய். அதற்கு மேல் ஆட்டோவை விடுவதில்லை, டாக்சிதான்.

சயானை ஒட்டிய தாராவித் தோல் கடை வரிசையில் காதர் பாயின் கடை சின்னது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"பர்ஸ் தைக்கோம், பெல்ட் தைக்கோம். பேனாவுக்குச் சட்டை கேட்டு நீங்கதான் மொத ஆளா வாரீய!"

"எனக்குச் சட்டை எடுக்க இவ இவ்வளவு தூரம் வந்ததில்ல பாய்," என்றார் ரகு.

"மரைக்கு மேல தோல் ஏறக்கூடாது, மூடி மாட்டணும். பசை வேண்டாம்," என்றேன் நான்.

"பொண்ணு கட்டிக் குடுக்கக்கூட இத்தன கண்டிசன் போட மாட்டாவ. சரி, பிடிக்கப்போற கை எங்க?"

வீட்டைவிட்டு வெளியே வந்தால் ரகுவின் வலது கை பேண்ட் பாக்கெட்டில்தான் இருக்கும். என் கையை அளந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாய் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பேனாமேல் மடித்துப் பார்த்தார்.

"ரெண்டு சுத்து போதும். இல்ல சார், மூணு. டீ குடிச்சிட்டு வாங்க."

முக்கால் மணி நேரம். ஆட்டுத்தோல், சொரசொரப்பான பக்கம் வெளியே. நூற்றைம்பது ரூபாய்.

சாப்பிட மாட்டுங்கா போனோம், டாக்சிக்கு எழுபது. சனிக்கிழமை மதியம் அங்கே ஓட்டல்களில் வரிசையில் நிற்காமல் இடம் கிடைக்காது. காபி வந்ததும் ரகு பேனாவைக் கேட்டார். பேனாவை இரவல் கொடுத்தால் மூடியை நாமே வைத்துக்கொள்வது எங்கள் பேனாக் கூட்டத்தின் வழக்கம். அப்போதுதான் பேனா திரும்பி வரும். என் கை பழக்கத்தில் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டது. என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் மெல்ல மெல்ல எழுதினார். வரி சாய்ந்து கீழே இறங்கியது.

'டிகாஷன் கம்மி.'

"படிக்க முடியுதா?"

"முடியுது," என்றேன்.

"அப்ப சர்வர்கிட்ட காட்டு."

நீங்களும் இப்படித் தைக்கப் போவதானால், எழுதப்போகிறவரையும் கூட்டிப் போங்கள். பேனா மட்டும் போனால் அளவு சரியாக வராது. முன்பே மை நிரப்பிக்கொள்ளுங்கள். காபியைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காகக் கேளுங்கள்.

கிளம்பும்போது ரகு இடது கையை நீட்டி மூடியைக் கேட்டார். கொடுத்தேன். பேனா இப்போது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை.