மிஸ் வரையாமல் விட்ட கோடு

“...ஆக, டீச்சர் வீட்டுக் கூரை ஒழுக்குக்குக் காரணம் மழையும் இல்ல, தண்ணி ஊத்துன உங்க கையும் இல்லங்க. நான்தான்” என்று சொல்லி நிறுத்தினார் மிஸ். அவருடைய கையில், தரையில் வரைந்து வரைந்து அரைவிரல் நீளத்துக்குத் தேய்ந்த ஒரு வெண்கட்டி இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. அதன் மொட்டைமாடியில், பிளாஸ்டிக் கதிரைகளில், இருபது இருபத்தைந்து பேர் இருந்தோம். கீழே கரையோர ரயில் ஒன்று கடகடவென்று போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தது போல எல்லோரும் இருந்தோம். போய் முடிந்த பிறகும் அப்படியே இருந்தோம்.

அந்த வெண்கட்டி இன்றைக்கு என்னுடைய கடை மேசை லாச்சியில் கிடக்கிறது. பேனைகளுக்கும் ஸ்டேப்பிளர் ஊசிகளுக்கும் நடுவில் அது என்னத்துக்கு என்று கேட்காத ஆளில்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பே விழுந்துவிட்டது. ஒருமுறை எழுதியும் வைப்போம் என்று தோன்றுகிறது.

நான் போட்டோகொப்பிக் கடைக்காரன். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். யாராவது நல்லதாக ஒரு வசனம் சொன்னால் பழுதாகிப்போன பிரதியின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது என் பழக்கம். ‘நீர்தான் நல்லாக் கதைப்பீர்’ என்று சொல்லி, தொடர்மாடிக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருந்தார்கள். அது மரக்கறி விலை மலையேறி, சமையல் வாயுவுக்கு வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். அப்போதுதான் வீட்டுத்தோட்டம் பற்றிய துண்டுப்பிரசுரத்தைப் பிரதி எடுக்க ஒரு பெண் கடைக்கு வந்தார். விவசாயப் போதனாசிரியை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, படித்து, அரசாங்க வேலை எடுத்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருந்தவர். எனக்குப் பதினைந்து வயது இளையவர். எங்கள் மொட்டைமாடிக்கு வந்து நாலு பேச்சுப் பேசுவீர்களா என்று கேட்டேன்.

“வர்றேங்க, செயலாளர் ஐயா. ஆனா கதிரைய நிழல்ல போடுங்க. வெயில்ல உக்காந்திருக்கவங்க காதுக்குள்ள ஒண்ணும் போகாது.”

அன்றைக்கே முதல் தாளை எழுதிவிட்டேன்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, தோளில் ஒரு துணிப்பையோடு அவர் வருவார். எங்களில் பாதிப்பேருக்கு மகள் வயது. ஆனாலும் எல்லோரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டோம். ஒருவரைத் தவிர. அவர் இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர். யாழ்ப்பாணத்தில் செம்மண்ணில் வெங்காயம் வைத்த குடும்பம் என்பதை நாளுக்கு இரண்டு முறை சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது. முதல் பேச்சு தொடங்கி ஐந்து நிமிடத்திலேயே அவர் கையை உயர்த்தினார்.

“பிள்ளை, குறை நினைக்காதையும். மலையில தேயிலையோட வளந்த ஆள் நீர். உமக்குக் கடலுக்குப் பக்கத்தில பயிர் வைக்கிறது என்னெண்டு தெரியும்?”

மிஸ் நேரே தபாலதிபருடைய தக்காளிச் செடிக்குப் போனார். நுனி கருகிச் சுருண்டிருந்த இலை ஒன்றை விரலால் வழித்து, விரலை நாக்கில் வைத்தார். கூட்டம் ‘ஐயோ’ என்றது.

“நீங்களும் வாங்க அங்கிள். சும்மா நக்கிப் பாருங்க.”

தபாலதிபர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு நக்கினார். “உப்பு!” என்றார், தந்தி வந்த ஆள் போல.

“இத மூணு மாசமா நோய்னு நெனச்சு மருந்து அடிச்சீங்களே. கடல் உங்க தக்காளிக்குத் தெனமும் கருவாடு போட்டுக்கிட்டு இருக்கு.”

கடல் பக்கம் சாக்குப் படங்கு கட்டுவது, காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவி விடுவது, உப்புக்காற்றைத் தாங்குகிற கற்றாழையை முன்வரிசையில் காவலுக்கு வைப்பது, மென்மையான செடிகளைத் தண்ணீர்த் தாங்கியின் மறைவுக்குத் தள்ளுவது என்று அன்றைக்குச் சொன்னவை எல்லாம் பலித்தன. அதன் பிறகு தபாலதிபரும் ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார்.

இரண்டாவது பேச்சுக்கு அவர் கொண்டுவந்த பாடம் எங்களுடைய சொந்தக் குற்றம். செழித்து நின்று திடீரென்று துவண்டுபோன ஒரு கத்தரிச் செடியைப் பிடுங்கி வேரை எங்கள் மூக்குக்கு முன்னால் நீட்டினார். கறுத்து, அழுகி, நாறியது. “இது தண்ணியில்லாம வாடலங்க. பாசத்துல செத்திருக்கு.” விசாரித்தால் அதுவும் தபாலதிபர் வீட்டுக் கத்தரிதான். விடிய அவர் ஒரு வாளி. சாமி கும்பிட்டுவிட்டு அவருடைய மனைவி ஒரு வாளி. வேலைவிட்டு வந்து மகள் ஒரு வாளி. மூன்று பேரும் மற்றவர்களுக்குத் தெரியாமல் வார்த்திருக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது கூடப்பிறந்தது. பாத்தி நிரம்பித் தளும்பாவிட்டால் பயிருக்குத் துரோகம் செய்த மாதிரி இருக்கும். “உங்க கைய குறை சொல்லலங்க அங்கிள். உங்க கைக்குப் பழக்கம் கிணறு. இங்க இருக்கறது ஒரு வாய் மண்ணு” என்றார் மிஸ். ஒரு தொட்டிக்கு ஒரு சின்னப் பால்மாத் தகரப் பேணித் தண்ணீர் என்று அன்று சட்டம் வந்தது. ஓம் ஓம் என்று எல்லோரும் தலையாட்டினோம். யார் வீட்டில் பேணி இருந்தது, யார் வீட்டில் வாளி இருந்தது என்பது தண்ணீர்த் தாங்கிக்குத்தான் தெரியும்.

மூன்றாவது பேச்சை நான் மறக்கவே மாட்டேன். தோட்டத்தை எப்படி அமைப்பது என்பது அன்றைய பொருள். எல்லோரும் மேலே காத்திருக்க, மிஸ் கீழே வாகனத் தரிப்பிடத்துக்குப் போய்விட்டார். சிங்களக் காவலாளியை, தம்பி என்று அவருடைய மொழியில், ‘மல்லி, மல்லி’ என்று கூப்பிட்டு, அவருடைய ரோச் வெளிச்சத்தில் தூண்களை ஒவ்வொன்றாக எண்ணி, இடையில் எத்தனை அடி என்று காலால் அளந்துகொண்டு வந்தார். மேலே வந்து வெண்கட்டியை எடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குந்தியபடியே மொட்டைமாடி முழுக்க வட்டம் வட்டமாக வரைந்தார். “ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழ ஒரு தூண் நிக்குது. பெரிய தொட்டிய அதுக்கு மேல வைங்க. நடுவுல வச்சா, நேரா கீழ இருக்க டீச்சர் தலைக்கு மேல வச்ச மாதிரி.” பிறகு காற்று வரும் பக்கத்துக்கு ஒரு கோடு. வெயில் நகரும் பக்கத்துக்கு ஒரு கோடு. ஆள் நடக்க ஒரு பாதை. வெறும் சீமெந்துத் தரையில் ஒரு தோட்டம் எழும்பி வருவதை அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியாக, “மண்ணுக்குச் சட்டை போடுங்க” என்று சொன்னார். தொட்டி மண்ணைத் தேங்காய்த் தும்பால் மூடினால் வெயிலில் காயாது, தண்ணீரும் மிச்சம் என்றார். நாங்கள் விடுவோமா? சட்டை போடச் சொன்ன இடத்தில் மெத்தையே போட்டோம்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். மொட்டைமாடியின் ஒரு மூலையில் மழைத்தண்ணீர் வெளியேறுகிற துவாரம் இருக்கிறது. அதற்கு மேலே ஒரு கம்பி வலை இருந்தது. என் மிளகாய்த் தொட்டிக்குக் கூட்டெரு அரிக்க வேண்டியிருந்தது. அளவான வலையாக இருக்கிறதே என்று அதைக் கழற்றினேன். அரித்து முடித்ததும், நாளைக்குப் போடுவோம் என்று தொட்டிக்குப் பின்னால் செருகினேன். அந்த நாளை வரவேயில்லை. வந்தது ஐப்பசி மழை.

ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கொட்டியதில், எங்கள் தொட்டி மெத்தைகளெல்லாம் கிளம்பி மிதந்து, வலை இல்லாத துவாரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டன. கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. நேர் கீழே உள்ள கடைசி மாடியில், கணக்கு டியூஷன் நடத்துகிற டீச்சருடைய விறாந்தை. அதுதான் அவருக்கு வகுப்பறை, அதுதான் அவருக்குச் சீவியம். பிள்ளைகள் இருக்கிற வாங்குகளுக்கு நடுவில் வாளி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படிப்பித்தார். மூன்றாம் நாள் கூரைப் பூச்சு ஒரு தட்டளவுக்குப் பிளந்து விழுந்தது. நல்லகாலம், வகுப்பு விட்ட பிறகு. அன்றைக்கே பிள்ளைகளுடைய தாய்மார் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் குழுவுக்குக் கடிதம் தந்தார். எல்லாத் தொட்டிகளையும் இறக்க வேண்டும், இனி மேலே செடியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். நியாயமான கடிதம். நாலாவது பேச்சு நடக்கவேண்டிய ஞாயிறே அதை முடிவு செய்யும் நாளாகியது. மிஸ்ஸுக்குப் பத்து நிமிடம் என்று குழுத் தலைவர் சொன்னார்.

அளவுக்கு மீறித் தண்ணீர் வார்த்தது யார் என்று அந்த வாரம் முழுக்க மின்தூக்கிக்குள் நடந்த வழக்குகளைக் கேட்டிருக்க வேண்டும். “நாங்கள் ஒரு பேணிதான் வார்க்கிறனாங்கள்.” “ஓம், உங்கட பேணிக்குக் கைபிடியும் இருக்குது, நான் கண்டனான்.” ஒவ்வொருவரும் அடுத்த வீட்டைக் காட்டினார்கள். நான் எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன். வலையைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. நல்லாகக் கதைக்கிறவனுக்கு ஒன்றைக் கதைக்காமல் விடவும் நன்றாகத் தெரியும்.

ஞாயிறு மிஸ் வந்தார். துணிப்பையை வைத்துவிட்டு, அடைத்திருந்த துவாரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஈரத் தலைமயிர் போலத் தும்பை இழுத்து இழுத்து வெளியே போட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து வெண்கட்டியை எடுத்தார். “தூண் வரைஞ்சேன். காத்து வரைஞ்சேன். வெயில் வரைஞ்சேன். தண்ணி எந்தப் பக்கமா ஓடி எங்க போவும்னு ஒரு கோடு வரையல. வரையாமலே மண்ணுக்குச் சட்டை போடுங்கன்னு சொன்னேன். மழை வந்தா அந்தச் சட்ட எங்க போகும்னு நான்ல யோசிச்சிருக்கணும்” என்றார். அதன் பிறகுதான், காரணம் நான்தான் என்று சொல்லி நிறுத்தினார். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பேசுகிற ஒருவர் தன் பேச்சிலேயே பிழை இருந்தது என்று அதே கூட்டத்துக்கு முன்னால் சொல்வதை என் வாழ்நாளில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. வேறு யார் தலையிலும் அவர் அதை இறக்கியிருக்கலாம். அவ்வளவு வாளிகள் இருந்தன. ரயில் போய் முடிந்தது. நான் எழும்பினேன்.

“இல்லை மிஸ். அந்த வலையைக் கழட்டினது நான். எரு அரிக்க எடுத்தனான். என்ட மிளகாய்த் தொட்டிக்குப் பின்னாலதான் கிடக்குது.”

அதற்கு மிஸ் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்கள் செய்ததை முதலில் சொல்லிவிடலாம். தபாலதிபர் இருந்த இடத்திலேயே இருந்து, “நானும் இன்னும் வாளிதான்” என்றார். அவருடைய மனைவி அவரைப் பார்த்து, “நீங்களுமோ?” என்றார். பின்வரிசையிலிருந்து இன்னும் நாலு வாளிகள் எழும்பின. கடைசியாக டீச்சர் பேசினார். “ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை எண்டு நிண்டிருந்தா, இண்டைக்கே எல்லாத்தையும் இறக்கச் சொல்லியிருப்பன். அடுத்த மழை வரைக்கும் பாப்பம். ஒரு துளி விழுந்தா அவ்வளவுதான்.” வாக்கெடுப்பு நடக்கவில்லை.

மூன்றே நாளில் தும்பை அரைவாசியாகக் குறைத்தோம், பிளவுகளைப் பூசினோம், வலையைப் பூட்டினோம். அடுத்த பெருமழை பெய்த பின்னேரம், டீச்சருடைய டியூஷன் வாங்குகளில் நாங்கள் எல்லோரும் வரிசையாக இருந்து, அண்ணாந்து கூரையையே பார்த்தபடி தேத்தண்ணீர் குடித்தோம். கழுத்து நொந்தது. துளி விழவில்லை.

மிஸ்ஸுக்கு அடுத்த வருடம் ஊர்ப்பக்கம் இடமாற்றம் வந்தது. எப்போதாவது தொலைபேசியில் பேசுவார். முதல் கேள்வி வலையைப் பற்றியது, இரண்டாவது கேள்விதான் என்னைப் பற்றியது. இப்போது எங்கள் மொட்டைமாடியில் ஞாயிறுப் பேச்சை நான்தான் பேசுகிறேன். பக்கத்து ஒழுங்கைகளிலிருந்தும் வருகிறார்கள். போன மாதம் மிஸ் இருந்த கொட்டாஞ்சேனையிலிருந்தே கூப்பிட்டார்கள், இரண்டு பஸ் மாறிப் போனேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் செடி கேட்பார்கள், மண் கேட்பார்கள். நான் தரையில் குந்தி, முதல் கோடாகத் தண்ணீர் போகும் வழியை வரைவேன். பிறகு அந்த வலைக் கதையைச் சொல்வேன், என் பெயரோடு. அவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் தங்கள் வீட்டு வாளிகளைப் பற்றி உண்மை சொல்லத் தொடங்குவார்கள்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எழும்பின இடத்திலேயே நின்றிருந்தேன். மிஸ் என்னைப் பார்த்தார். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. நடந்து வந்து, என் கையை விரித்து, அந்த வெண்கட்டியை உள்ளங்கையில் வைத்தார்.

“அப்ப அந்தக் கோட்ட நீங்களே போடுங்க ஐயா. எப்படி ஆச்சுன்னும் நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா பாடமாத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டு, முன்வரிசையில் வெறுமையாக இருந்த என்னுடைய கதிரையில் போய் இருந்தார். துணிப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார். மடியில் வைத்து, புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, எழுதிக்கொள்ளப் பேனையின் மூடியைக் கழற்றினார்.