கார் நிக்கோபாருக்குத் தந்தியில் வந்த கணக்குப் பாடம்

1. சைஃபர்

பாண்டே சாப் ஒரு காகிதத்தை மேசைமேல் போட்டு, "முருகேசன், இது எந்த சைஃபர்?" என்று கேட்டார்.

அவர் அந்தமானுக்குத் தெற்கே உள்ள கார் நிக்கோபார் தீவில் வயர்லெஸ் நிலையத்துக்கு அதிகாரி. நான் அங்கே ஆபரேட்டர். எழுபதுகளின் தொடக்கம், எல்லையில் பதற்றமாக இருந்த சமயம். எங்கள் லைனில் போகிற சங்கதியை வேறொரு நிலையத்தார் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. போர்ட் பிளேரிலிருந்து எனக்கு வந்த ஒன்றை அப்படியே எடுத்து டைப் அடித்து, விளக்கம் கேட்டு அனுப்பியிருந்தார்கள். எக்ஸ், ஒய், நடுவே எண்கள், பிறகு மறுபடியும் எக்ஸ். சைஃபர் என்றால் சங்கேத எழுத்து. அதை அனுப்பவும் வாங்கவும் எங்களுக்கு அதிகாரம் கிடையாது.

"சாப், அது கணக்குப் பாடம்" என்றேன்.

பாண்டே சாப் ஹிந்தியில்தான் பேசுவார். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன். "மழை எவ்வளவு, அரிசி எத்தனை மூட்டை, கப்பல் எப்போ. இந்த லைன்ல இதுதான் கணக்கு. இதுல அரிசி எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

இல்லைதான். சைஃபர் என்று முடிவாகிவிட்டால் வேலை போகும், அடுத்த கப்பலில் மெயின்லாந்துக்கு, அதாவது இந்தியக் கரைக்கு, ஏற்றிவிடுவார்கள். போர்ட் பிளேர் டெலானிபூரில் ஒற்றை அறை எடுத்து, என் மனைவி ராஜாத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். அவளிடம் போய் என்ன சொல்வேன் என்பதுதான் முதலில் மனசில் வந்தது.

2. பாடம் லைனுக்கு வந்த விதம்

ராஜாத்திக்காகத்தான் இந்த வம்பையே விலைக்கு வாங்கினேன். கார் நிக்கோபாரில் எனக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடையாது. டெக்னிக்கல் அசிஸ்டன்ட் ஆனால் போர்ட் பிளேருக்கு மாற்றல் கிடைக்கும். அதற்கு, காலேஜுக்கு முந்தின வகுப்பான பி.யூ.சி.யில் கணக்குப் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். மெயின்லாந்தில் ஒரு யூனிவர்சிட்டி தபால் வழியாக பி.யூ.சி. நடத்துகிறது என்று கேள்விப்பட்டதும் பணம் கட்டிவிட்டேன்.

பாடம் மெட்ராஸிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வரும். அங்கிருந்து எங்கள் தீவுக்கு வேறு கப்பல். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒன்பதாம் பாடம் வந்து சேர்ந்தபோது இரண்டாம் பாடம் இன்னும் எந்தக் கப்பலில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது என் பேத்தி காலேஜ் கணக்கை ஆன்லைனில் படிக்கிறாள். நெட் கொஞ்சம் நின்றால் போதும், வீடே அதிரக் கத்துகிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.

போர்ட் பிளேர் நிலையத்தில் தத்தா என்று ஒரு வங்காளி ஆபரேட்டர் இருந்தான். அவனும் அதே கோர்ஸில் சேர்ந்திருந்தான். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் கை தெரியும். கை என்றால் மோர்ஸ் சாவியைத் தட்டுகிற விதம். மோர்ஸில் எழுத்தெல்லாம் புள்ளியும் நீட்டலும்தான்; அவன் நீட்டலைக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பான். மத்தியானம் வானிலை ரிப்போர்ட் போன பிறகு லைன் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் ஆபரேட்டர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். நாங்கள் அதில் பாடத்தை ஏற்றினோம். அவன் தட்டுவான், நான் எழுதுவேன்.

எழுதினேனே தவிர, ஒரு மண்ணும் புரியவில்லை. ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதே அதுதான். அர்த்தம் பார்க்காதே, காதில் விழுவதை எழுது. ஒரு எழுத்து விட்டுப்போனால் அங்கேயே நிற்காதே, இடம் விட்டு மேலே போ. நின்றால் பின்னால் வருவதும் போய்விடும். ஊகித்து நிரப்பாதே, கடைசியில் திரும்பக் கேட்டு நிரப்பு. அந்தப் பழக்கத்தில் பாடம் பாடமாக ஒரு பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தேன். படித்தால் தலை எது வால் எது என்று தெரியாது.

படங்கள் இன்னும் கொடுமை. மோர்ஸில் படம் எப்படி அனுப்புவது? பேரபோலா என்கிற வளைகோடு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "கிண்ணம்" என்று வந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு பேரபோலா. "கவிழ்த்த கிண்ணம்" என்றான். கிண்ணத்துக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று சாப்பிடும்போதெல்லாம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்தான் என்னை ரொம்பப் படுத்தியது. ஒரு நாள் கணக்கில் எக்ஸ் இரண்டு, மறுநாள் ஏழு. தத்தாவிடம் கேட்டேன், நேற்று வந்த எக்ஸும் இன்று வந்ததும் ஒன்றா? வேறு வேறு என்றான். அப்படியானால் இரண்டுக்கும் ஏன் ஒரே பெயர்? "எனக்கும் தெரியாது பாய்" என்று தட்டினான். சரிதான், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுதான் விட்டார்கள், துணைக்கு ஒருத்தனையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

3. கரும்பலகை

பாண்டே சாப் என்னை டியூட்டி போர்டுக்கு முன்னால் நிறுத்தினார். கப்பல் வரும் நேரம் எழுதியிருந்ததை அழித்துவிட்டு சாக்பீஸை என் கையில் கொடுத்தார். காகிதத்தில் ஒரு வரியைக் காட்டினார். எக்ஸ் ஸ்கொயர், மைனஸ் ஐந்து எக்ஸ், பிளஸ், அப்புறம் ஒரு காலி இடம், இவை சேர்ந்து சைபருக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, சமம். மூலங்கள் இரண்டும் மூன்றும்.

அந்தக் காலி இடம் எனக்கு நினைவிருந்தது. அவன் தட்டிக்கொண்டிருக்கும்போது மின்னல் வெட்டி, காதில் ஒரே இரைச்சல். ஒட்டுக்கேட்டவர்களுக்கும் அதே இரைச்சல்தான் போலிருக்கிறது, அவர்களும் அங்கே இடம் விட்டிருந்தார்கள். திரும்பக் கேட்பதற்குள் அவசரச் சங்கதி ஒன்று வந்து லைன் போய்விட்டது.

"கணக்குன்னா இந்த இடத்துல என்ன இருந்திருக்கும்னு சொல்லு. சைஃபர்னா உன்னால சொல்ல முடியாது" என்றார் பாண்டே சாப்.

ஊகித்து நிரப்பாதே என்றுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது? திரும்பக் கேட்கவும் வழியில்லை. முன்பு எப்போதோ வரி மாறாமல் எழுதிவைத்தது மட்டும் மனசில் ஓடிற்று. மூலம் என்பது, எக்ஸ் இருக்கும் இடத்தில் அதைப் போட்டால் மொத்தமும் சைபர் ஆகும் எண்.

இருக்கும் இடத்தில். அந்த வார்த்தையில் நின்றேன். அப்போ எக்ஸே ஒரு காலி இடமா? விட்டுப்போன எழுத்துக்கு நான் இடம் விடுகிற மாதிரி, இவர்கள் இடம் விட்டு எழுதியதுதான் எக்ஸா? அப்படியானால் நேற்றைய எக்ஸ் வேறு, இன்றைய எக்ஸ் வேறு என்பது சரிதானே. ஒவ்வொரு நாளும் விட்டுப்போவது வேறு எழுத்துதானே.

எக்ஸ் இருந்த இடத்தில் இரண்டைப் போட்டேன். நாலில் பத்து கழிந்து மைனஸ் ஆறு. சைபர் ஆக வேண்டுமானால் காலி இடத்தில் ஆறு இருந்தாக வேண்டும். எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்றைப் போட்டேன். ஒன்பதில் பதினைந்து கழிந்து மறுபடியும் மைனஸ் ஆறு. மறுபடியும் ஆறு. சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆறு, சாப்."

பாண்டே சாப்பும் ஒரு காலத்தில் ஆபரேட்டராக இருந்தவர். தானே சாவியில் உட்கார்ந்து போர்ட் பிளேரைக் கூப்பிட்டார். தத்தாதான் டியூட்டியில் இருந்தான். தான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று எதுவும் சொல்லாமல், அந்த வரியைத் தட்டி, காலி இடத்தில் என்ன என்று மட்டும் கேட்டார்.

பதில் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தத் தத்தா என்ன செய்கிறான் என்று மனசுக்குள் திட்டினேன். அவர் மறுபடியும் சாவியில் கை வைக்கப்போன நேரத்தில் வந்தது. ஒரு நீட்டல், கொஞ்சம் கூடுதலாக இழுத்தது, பிறகு நாலு புள்ளி. மோர்ஸில் அது ஆறு.

பாண்டே சாப் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இது சைஃபர் இல்ல, பி.யூ.சி.ன்னு எழுதி அனுப்பிடறேன். ஆனா இனிமே என் லைன்ல எக்ஸ் வந்துச்சு, உன்னை நானே கப்பல் ஏத்துவேன்" என்றார். அதற்குப் பிறகு பாடம் எப்போது வந்ததோ, எந்த வரிசையில் வந்ததோ, கப்பலில்தான் வந்தது. நடுவில் வராத பாடத்துக்கு இடம் விட்டுவிட்டு அடுத்ததைப் படித்தேன்.

4. பரீட்சைக்கு வெளியே

பரீட்சை போர்ட் பிளேரில். முதல் நாள், ஹாலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு ஒல்லி ஆள் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். நீட்டல் கூடுதலாக இழுத்தது. பக்கத்தில் போய், "தத்தா பாய்?" என்றேன். எழுந்து கட்டிக்கொண்டான்.

டீ வந்ததும் முதல் வேலையாக அவனைப் பிடித்தேன். அன்றைக்கு ஒரு ஆறு அனுப்ப அவ்வளவு நேரமா? என் உயிரே போய்விட்டது, பாடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?

"பாடம் வீட்டுல இருந்துச்சு பாய்" என்றான் ஹிந்தியில். "வேற யாரோ தட்டுறாங்கன்னு கையிலயே தெரிஞ்சுது, பயந்து போயிட்டேன். நீ மாட்டிக்கிட்டேன்னு புரிஞ்சுது. வேற வழியில்ல. ரெண்டைப் போட்டுப் பார்த்தேன், அப்புறம் மூணைப் போட்டுப் பார்த்தேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை, பாடத்தைப் பார்த்துத்தான் அந்த ஆறை அனுப்பினான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கும் அதுதான் புரிந்து போட்ட முதல் கணக்கு.

இரண்டு பேரும் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினோம். எனக்கு மாற்றலும் வந்தது. டெலானிபூரில் ராஜாத்தியிடம் முழுக் கதையையும் சொன்னபோது, "அப்போ அன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேருக்குமே ஒண்ணும் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியாதுதான் என்றேன்.

இப்போது படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். புரியாத இடத்தில் நின்றுவிடாதீர்கள். இடம் விட்டு மேலே எழுதிக்கொண்டு போங்கள். அன்றைக்கு நடுவே அவ்வளவு கடல் கிடந்தது, அந்தக் கரையில் ஒருவன், இந்தக் கரையில் ஒருவன், இரண்டு பேரும் பயந்துகொண்டே ஒரே காலி இடத்தில் ஆறைப் போட்டோம்.